26 என்ற எண்ணும் அக்கா வீட்டுப் புல்தரையும்

போன வருஷம் அக்டோபர் மழையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மேனாம்பேட்டில் எங்க வீட்டுக் கொல்லையில் ராத்திரி தேங்கிய தண்ணீர் காலையில் இல்லை. பைக்கில் 5 நிமிஷ தூரத்தில் அக்கா குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில், புல்தரை மூணு நாள் குளமாகவே கிடந்தது. வடிந்த பிறகு மேலே வழவழன்னு ஒரு ஏடு. காய்ந்ததும் அது அப்பளம் மாதிரி வெடித்தது. ஓரமாக இருந்த மழைநீர்த் தொட்டியிலும் அதே சேறு அடைத்துக்கொண்டது.

எல்லோரும் மழைநீர் வடிகாலைத்தான் திட்டினார்கள். நானும் திட்டினேன். அங்கே தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் மட்டும் வேற ஒண்ணு சொன்னார். "கோடை முழுக்க அந்தத் தண்ணிய ஊத்துறோம்ல சார், அதுல மண்ணு செத்துப்போச்சு. முன்னெல்லாம் மம்முட்டி போட்டா பொலபொலன்னு வரும். இப்ப சோப்புக் கட்டி மாதிரி வருது."

அந்தத் தண்ணி என்றால் எஸ்.டி.பி. தண்ணி. அபார்ட்மென்ட்டின் சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்து வருவது. செக்ரட்டரி சாரிடம் கேட்டேன். அவர் ஃபைலை எடுத்துக் காட்டினார். பி.ஹெச்., பி.ஓ.டி., சி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், கோலிஃபார்ம் என்று எல்லா வரியிலும் பாஸ். "ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கு தம்பி. மண்ணு செத்துப்போச்சுன்னு லேப்ல எழுதலையே."

எங்க தொழிலில் இது பழகின காட்சி. எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டும், புரொடக்‌ஷனில் விழும். அப்படி ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கோடை அல்ல, டெஸ்ட்டை. எதைச் சோதிக்கணுமோ அதைச் சோதிக்கவே இல்லை என்றுதான் பாதி நேரம் முடியும். அதனால் இந்தப் பதிவு ஒரு விமர்சனம். புத்தகத்துக்கு அல்ல, இரண்டு அட்டவணைகளுக்கு. இந்த நாட்டில் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விடுவதை யார் பேசினாலும் கையில் இருப்பது இந்த மாதிரி அட்டவணைகள்தான். நாவலை விமர்சிக்கிற அளவுக்கு இவற்றை யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. ஆனால் நம்ம வாசலில் தண்ணீர் நிற்பதை முடிவு செய்பவை இவைதான்.

அதுக்கு முன்னாடி பெரியவர் சொன்னது உண்மையா என்று பார்க்கணும். மூணு கண்ணாடி டம்ளர், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன், அவ்வளவுதான் செலவு. கோலிக்குண்டு அளவு காய்ந்த மண்கட்டியை டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்கி வைக்கணும். கலக்கக் கூடாது, தொடக் கூடாது. முதல் டம்ளரில் புல்தரை மண். இரண்டாவதில், அதே வளாகத்தில் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், எஸ்.டி.பி. தண்ணி ஒரு நாளும் போகாத இடத்து மண். இரண்டும் பில்டர் கொண்டுவந்து கொட்டிய ஒரே செம்மண்தான்.

ரெண்டு மணி நேரத்தில் முதல் டம்ளரில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு வளையம். காலையில் பார்த்தால் டம்ளர் முழுக்க மோர். இரண்டாவது டம்ளரில் கட்டி உடைந்து உதிர்ந்திருந்தது, ஆனால் தண்ணீர் தெளிவு. உதிர்வது வேற, கரைந்து மிதப்பது வேற. மிதக்கிறது என்றால் களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடியை விட்டுவிட்டன என்று அர்த்தம். பிடி விட்ட துகள்கள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேலே பெய்கிற தண்ணீருக்குக் கீழே போக வழி இல்லை. பிடியைக் கெடுப்பது சோடியம். மூன்றாவது டம்ளரில் புல்தரை மண்ணையே போட்டேன், தண்ணீரில் முன்கூட்டியே ஒரு சிட்டிகை ஜிப்சம் கலந்து. அது தெளிவாகவே இருந்தது. ஜிப்சத்தில் இருப்பது கால்சியம். சோடியம் அவிழ்த்துவிட்ட கட்டை அது திரும்பக் கட்டுகிறது.

சரி, இப்ப முதல் அட்டவணை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரை அதன் பயனை வைத்து ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. ஏ என்பது கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கக் கூடியது. கடைசி வகுப்பான இ யாருக்கு? பாசனம், தொழிற்சாலைக் குளிர்விப்பு, கட்டுப்படுத்தப்பட்ட கழிவு அகற்றல். மூணும் ஒரே வரியில். நான் இந்த வரியை முதல் தடவை படித்தபோது தாண்டிப் போய்விட்டேன். இரண்டாவது தடவைதான் நின்றேன். நெல் வயலும், கூலிங் டவரும், கழிவு கொட்டும் இடமும் ஒரே அறையில் உட்கார வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு வரியில் இருக்கிற மனநிலைதான் என் மொத்தப் புகாரும்.

இ வகுப்புக்கு நான்கே நிபந்தனை. பி.ஹெச். 6.0 முதல் 8.5. மின்கடத்துத்திறன் அதிகபட்சம் 2250. போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராம். நான்காவது, எஸ்.ஏ.ஆர். அதிகபட்சம் 26.

எஸ்.ஏ.ஆர். என்பது நீரில் சோடியம் எவ்வளவு, அதற்கு எதிர்த்தராசில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று காட்டும் விகிதம். லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்து, சோடியத்தை அதால் வகுக்கணும். எண் ஏற ஏற மண்ணுக்கு ஆபத்து. இதை ஒரு நிபந்தனையாக வைத்ததற்கே அட்டவணையைப் பாராட்டலாம். அபார்ட்மென்ட் லேப் ரிப்போர்ட்டில் அந்த வரியே கிடையாது. ஆனால் அந்த 26?

அமெரிக்க வேளாண்துறையின் ரிவர்சைடு உப்பு ஆய்வகம் 1954ல் கையேடு 60 என்று ஒன்று வெளியிட்டது. உப்பு மண் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அது பழைய வேதம். அதில் பாசன நீரைத் தரம் பிரிக்க ஒரு படம் இருக்கிறது. கிடையாக மின்கடத்துத்திறன், செங்குத்தாக எஸ்.ஏ.ஆர். கிடைக்கோட்டில் 250, 750, 2250 என்று எல்லைகள். செங்குத்துக் கோட்டில் 10, 18, 26. நம்ம அட்டவணையின் ரெண்டு எண்ணும் அப்படியே அங்கே இருக்கின்றன.

ஆனால் அந்தப் படத்தில் எஸ்.ஏ.ஆர். எல்லைகள் படுத்த கோடுகள் அல்ல, சரிந்து இறங்கும் கோடுகள். 26 என்பது மிக மேல்கோட்டின் இடது நுனி; மின்கடத்துத்திறன் வெறும் 100 இருக்கும் இடம். அதே கோடு 2250க்கு வரும்போது 14க்கு இறங்கிவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள பகுதிக்குப் பெயரே மிக அதிக சோடியம். நம்ம அட்டவணையில் கோட்டின் ஒரு நுனியில் இருந்து 2250, இன்னொரு நுனியில் இருந்து 26. நடுவில் இருந்த சரிவு காணோம். இரண்டு நிபந்தனையும் தனித்தனியாகப் பாஸ் ஆனால் போதும் என்று ஆகிவிட்டது. ரெண்டு மாறிகள் சேர்ந்து தீர்மானிப்பதை ரெண்டு தனி இஃப் கண்டிஷனாக எழுதினால் என்ன ஆகும் என்று புரோகிராம் எழுதுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லணும். 1954 படமே கடைசி வார்த்தை அல்ல. 1985ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக ஏயர்ஸ், வெஸ்ட்காட் இருவரும் எழுதிய பாசன நீர்த் தரக் கையேடு, நீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பொறுத்தவரை சரிவைத் திருப்பியே போடுகிறது. ஒரே எஸ்.ஏ.ஆருக்கு, உப்பு குறைந்த நீர்தான் அதிகம் கெடுக்கும் என்கிறது. உப்புச்செறிவு இருக்கும்வரை துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். செறிவு குறைந்தால்தான் பிடி விடும். எது சரி என்ற சண்டைக்கு நான் ஆள் இல்லை. ரெண்டு பேரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. எஸ்.ஏ.ஆரை மட்டும் தனியாக எடுத்து வாசிக்கக் கூடாது.

அக்டோபர் மர்மம் எனக்கு விலகியது அந்த இடத்தில்தான். கோடை முழுக்க உப்பும் சோடியமும் சேர்ந்த தண்ணீர் போனபோது புல்தரை தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வானத்தில் இருந்து வருவதோ கிட்டத்தட்ட டிஸ்டில்டு வாட்டர். முதல் பெருமழை மேல்மண்ணின் உப்பைக் கழுவியது; துகளில் ஒட்டிய சோடியம் மட்டும் நின்றது; மண் மோரானது. என் டம்ளரில் நடந்ததுதான் அரை கிரவுண்டு அகலத்துக்கு நடந்தது. சுத்தமான தண்ணீர் பட்டதும் கெட்டுப்போன மண். இதை வடிகாலைத் தோண்டித் தீர்க்க முடியாது.

சோடியம் எங்கிருந்து வந்தது? துணி துவைக்கிற பவுடர் என்பது முதல் பதில். அதில் சோடியம் கார்பனேட், சோடியம் சல்ஃபேட் எல்லாம் தாராளம். சாப்பாட்டு உப்பு இன்னொரு பங்கு. ஆனால் அக்கா வீட்டில் பெரிய பங்கு வேற இடத்தில் இருந்தது. மாமாதான் போகிற போக்கில் சொன்னார், "மாசாமாசம் உப்பு மூட்டை வந்து இறங்குதேடா, அது எங்க போகுது?"

சாஃப்ட்னர். போர் தண்ணி கடினம், கீசரில் கல் படியுது, முடி கொட்டுது என்று போட்டது. முடி கொட்டுவது பற்றி அசோசியேஷன் கூட்டத்தில் எதிர்த்துப் பேசிப் பாருங்கள், தெரியும். சாஃப்ட்னர் என்ன செய்கிறது? கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு அந்த அளவுக்குச் சோடியத்தை விடுகிறது. அதாவது எஸ்.ஏ.ஆர். கணக்கில் மேலே இருப்பதைக் கூட்டி, கீழே இருப்பதைக் குறைக்கும் மெஷின். ஒரு கணக்கு போடுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், நம்ம பக்கத்துப் போர்களுக்குப் பொருந்தாத எண்கள் அல்ல.

போர் தண்ணியின் கடினத்தன்மை 500. அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 10 மில்லி ஈக்விவலன்ட். சோடியம் 5. எஸ்.ஏ.ஆர். 2.2. நல்ல தண்ணி. சாஃப்ட்னர் கடினத்தன்மையை 50க்குக் கொண்டுவருகிறது. கால்சியம் மெக்னீசியம் 1 ஆகிறது, போன 9க்குப் பதிலாகச் சோடியம் 14 ஆகிறது. எஸ்.ஏ.ஆர். 19.8. டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட அதே ரீடிங். மீட்டருக்கு எந்த உப்பு என்று தெரியாது. மின்கடத்துத்திறன் சுமார் 1500. இப்ப இ வகுப்பு அட்டவணையில் வையுங்கள். 1500 என்பது 2250க்குள். 19.8 என்பது 26க்குள். பாஸ். 1954 படத்தில் அதே புள்ளியை வையுங்கள். 1500க்கு நேரே மேல்கோடு இருப்பது 16க்கும் கீழே. மிக அதிக சோடியம், ஃபெயில். இத்தனைக்கும் இது குழாயில் வரும்போதே. இன்னும் யாரும் குளிக்கவில்லை, துவைக்கவில்லை, சாஃப்ட்னரைக் கழுவிய உப்புநீர் எஸ்.டி.பி.க்குள் போய்ச் சேரவில்லை.

எஸ்.டி.பி.யில் இது எதுவும் நீங்காது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது.

இரண்டாவது அட்டவணைக்கு வருகிறேன். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு உள்ள திட்டங்கள் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். அந்த விண்ணப்பங்களில் நீர்ச் சமநிலை என்று ஒரு கட்டம் இருக்கும். பரிவேஷ் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறேன். வீட்டில் இதுக்குக் கிடைக்கும் மரியாதை தனிக் கதை.

கட்டத்தின் இடது பக்கம் ஆளுக்கு 135 லிட்டர் உள்ளே வரும். அதில் 90 குளிக்க, துவைக்க, சமைக்க, 45 கழிப்பறைக்கு. நடுவில் எஸ்.டி.பி. வலது பக்கம் சுத்திகரித்த நீர் எங்கெங்கே போகிறது என்று அம்புக்குறிகள். உள்ளே வந்ததும் வெளியே போனதும் லிட்டர் பிசகாமல் சரியாக இருக்கும். நான் வாசித்த பலவற்றில் அப்படிச் சரியாக வருவதற்குக் காரணம் ஒரே ஒரு அம்புக்குறி: பசுமைப் பரப்பு. மற்ற எண்களுக்கு ஏதோ சூத்திரம் இருக்கிறது. மீதம் வருவது தோட்டத்துக்கு. கணக்கு வாத்தியாரிடம் மாட்டாமல் இருக்கக் கடைசி வரியில் விடையை எழுதிவிட்டு மேலே நிரப்புவோமே, அந்த மாதிரி.

300 வீடு, வீட்டுக்கு 4 பேர், 1200 பேர் என்று வையுங்கள். நாளைக்கு 1,62,000 லிட்டர் உள்ளே வரும். கழிவாக வருவது தோராயமாக 1,35,000. கழிப்பறைக்குத் திரும்பப் போவது 54,000. மீதி 81,000 லிட்டர். வெயில் நாளில் புல்தரை சதுர மீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும் 81,000 லிட்டருக்கு 16,200 சதுர மீட்டர் புல் வேணும். 4 ஏக்கர். எங்க பக்கம் 4 ஏக்கரில் முழு அபார்ட்மென்ட்டே வந்துவிடும், நீச்சல்குளத்தோட.

இது வெயில் நாள் கணக்கு. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். அந்த மாதங்களில் புல்லின் தேவை பூஜ்யத்துக்குப் பக்கம். ஆனால் ஜனங்கள் நவம்பரிலும் குளிக்கிறார்கள். நான் பார்த்த கட்டங்களில் நவம்பர் என்ற மாதமே கிடையாது, எல்லாம் நாளொன்றுக்கு. அக்கா அபார்ட்மென்ட்டில் நடப்பது என்னவென்றால், தோட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு விடுவதில்லை. தொட்டியில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவு விடுகிறார்கள். ஆபரேட்டர் தம்பியைக் கேட்டால், "டேங்க் நிரம்பினா கார்டன் வால்வு திறந்துடுவேன் அண்ணே" என்றான். அவன் மேல் தப்பில்லை. அட்டவணை சொன்னதைத்தான் செய்கிறான். பாசனத்தையும் கழிவு அகற்றலையும் ஒரே வரியில் எழுதியதன் நடைமுறை வடிவம் அந்த வால்வு.

இதை எழுதுவதால் நான் மறுபயன்பாட்டுக்கு எதிரி என்று யாராவது கிளம்பக் கூடாது. 2019 கோடையை இந்தப் பக்கம் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ரயில் வந்தது. எங்க அம்பத்தூர் ஸ்டேஷன் வழியாகத்தான் வில்லிவாக்கத்துக்குப் போனது. அந்த ஊரில் குடிதண்ணீரை எடுத்துப் புல்லுக்கு ஊத்துவது பாவம். கழிவுநீரில் பயிர் வளர்ப்பதும் புதுசு இல்லை; மதுரை அவனியாபுரத்தில் மாநகராட்சிக் கழிவுநீர்ப் பண்ணையில் மாட்டுத்தீவனப் புல் வளர்ந்தது ஊரறிந்த விஷயம். நான் கேட்பது, மண்ணுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள் என்பதுதான்.

ஏனென்றால் மற்றவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். எங்க பேட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் கோயம்பேட்டில், நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆர்.ஓ.வும் செய்யும் நிலையம் இருக்கிறது. அந்த நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் போகிறது. கொடுங்கையூரில் அதே அளவில் இன்னொன்று, மணலி ஆலைகளுக்கு. ஏன் ஆர்.ஓ.? உப்பு இருந்தால் பாய்லரும் குளிர்விப்புக் குழாயும் கெட்டுப்போகும். கெட்டால் கம்பெனி கேள்வி கேட்கும். சரியான முடிவு. ஆனால் அதே உப்பு புல்தரைக்குப் போகும்போது கேட்க ஆள் இல்லை. மண் புகார் எழுதிப் போடாது. வருஷம் கழித்துத் தண்ணீர் நிற்கும், நாம் கார்ப்பரேஷனைத் திட்டுவோம்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "இதெல்லாம் நம்ம பாட்டி அப்பவே செஞ்சதுதான்" என்று வாட்ஸப்பில் வீடியோ அனுப்புகிறவர்கள். கொல்லையில் பாத்திரம் கழுவின தண்ணி வாழைக்கும் சேம்புக்கும் போச்சு, எந்த எஸ்.டி.பி. இருந்தது என்று கேட்பார்கள். போனது உண்மை. வாழை தழைத்ததும் உண்மை. ஆனால் பாட்டி பாத்திரம் தேய்த்தது அடுப்புச் சாம்பலும் புளியும் வைத்து. விறகுச் சாம்பலின் காரம் பெரும்பாலும் பொட்டாசியம். வாழைக்கு அது விருந்து. தலைக்கு சீயக்காய், அரப்பு; அதில் சோடியம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பாட்டியின் முறை வேலை செய்தது வாழையின் மகிமையால் மட்டும் இல்லை, தண்ணீரில் என்ன இருந்தது என்பதாலும். அதே வாய்க்காலில் இன்றைக்கு வாஷிங் மெஷின் தண்ணீரை விட்டால் பாட்டி பொறுப்பாக முடியாது. சாம்பலுக்குப் பதில் சோடா வந்ததில் அமைப்பு அப்படியே இருக்க, உள்ளே ஓடும் சரக்கு மாறிவிட்டது.

எங்க வீட்டில் நாங்கள் செய்வது இதில் பாதி. குளிக்கிற தண்ணி தனிக் குழாயில் கொல்லைக்குப் போய், கல்வாழையும் சேம்பும் நட்ட மணல் பாத்தியில் இறங்குகிறது. குளியல் நீரைக் கழிப்பறை நீரோடு கலக்காமல் பிரித்து, செடிப் பாத்தி வழியாக மண்ணுக்கு விடுவதைச் சென்னையில் பல வருஷம் சொல்லிவந்தவர் இந்துகாந்த் ரகடே. அவரைப் படித்துத்தான் ஆரம்பித்தேன். வாஷிங் மெஷின் தண்ணியை மட்டும் அதில் விடுவதில்லை, அது சாக்கடைக்கு. சாஃப்ட்னர் இல்லை. கீசரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிக் கல் எடுக்கணும், எடுக்கிறோம். எங்க கொல்லையில் தண்ணீர் வடிந்ததற்கு இதுதான் காரணம் என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். எங்க மண் வேற, அது வேற. ஜெனரேட்டர் ரூம் பின்னால் எடுத்த மண்ணைத்தான் நான் சாட்சியாக வைக்கிறேன்.

வெளியூரில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், உப்பு போட்டுத் தானே கழுவிக்கொள்ளும் சாஃப்ட்னர்களை வீட்டில் இருந்து அகற்றணுமா என்று 2008ல் ஓட்டு வைத்தார்கள். அகற்றணும் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள். ஆற்றுக்குக் கீழே இருந்த ஸ்ட்ராபெர்ரி, அவகாடோ தோட்டங்களுக்குக் குளோரைடு ஆகாது என்பது காரணம். கழிவுநீரில் பெரும்பகுதியை விவசாயத்துக்குத் திருப்பும் இஸ்ரேல் 1990களிலேயே சாஃப்ட்னர் உப்புநீரைச் சாக்கடையில் விடுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ரெண்டு இடத்திலும் உப்பைக் கடைசியில் வடிகட்டப் பார்க்கவில்லை. வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். ஆர்.ஓ. வைப்பதைவிட இது எவ்வளவோ மலிவு.

கிருமி விஷயம் இந்தப் பதிவின் பாதை இல்லை, ஆனால் குழந்தைகள் உருளுகிற புல்தரை என்பதால் சொல்லிவிடுகிறேன். எஸ்.டி.பி. தண்ணியை ஸ்பிரிங்ளரில் விசிறுவது வேண்டாம். ஹோஸைத் தரையோடு வைத்து ராத்திரியில் விட்டு, காலையில் காய்ந்த பிறகு பிள்ளைகளை விடுங்கள். கீரை, கொத்தமல்லி பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இனி கூட்டத்தில் நடந்தது. மூணு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். இஞ்சினீயர்கள் நிறைந்த சபை என்பதால் எஸ்.ஏ.ஆர். சூத்திரத்தை எடுத்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. மோர் டம்ளரைத்தான் எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். சாஃப்ட்னரை நிறுத்தணும் என்றதும் ரெண்டு பேர் முடியைத் தொட்டுக் காண்பித்தார்கள். அதனால் பேரம் பேசினேன். கடினத்தன்மையை 50 வரை ஏன் இறக்கணும்? மூணில் ஒரு பங்கு தண்ணியை சாஃப்ட்னரைச் சுற்றிக் கொண்டுபோய் கலந்தால் 200ல் நிறுத்தலாம். என் உதாரணக் கணக்கில் 200க்கு எஸ்.ஏ.ஆர். 7.8. ரொம்ப இழுபறிக்கு அப்புறம் 150 என்று முடிவானது. அதுக்கு 9.8. இருபதில் இருந்து பத்துக்கு வந்தது, ஒரு பைபாஸ் வால்வில். உப்பு மூட்டைச் செலவும் குறையும் என்று மாமா ஒரு வார்த்தை சொன்னதில்தான் உண்மையில் கூட்டம் முடிந்தது.

லேப் ரிப்போர்ட்டில் இனி சோடியம், கால்சியம், மெக்னீசியம் மூணும் கேட்டு வாங்குவதாக செக்ரட்டரி சார் எழுதிக்கொண்டார். இதை நீங்களும் உங்க அபார்ட்மென்ட்டில் கேட்கலாம். மூணு எண் கிடைத்தால் விகிதத்தை ஃபோன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். மில்லிகிராமில் கொடுத்தால் சோடியத்தை 23ஆலும், கால்சியத்தை 20ஆலும், மெக்னீசியத்தை 12ஆலும் வகுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கெட்ட மண்ணுக்கு ஜிப்சம். முழுப் புல்தரைக்கும் கொட்ட நான் சம்மதிக்கவில்லை. ஜிப்சம் விரட்டுகிற சோடியம் ஆவியாகப் போகாது, மழையோடு கீழே இறங்கும். கீழே இருப்பது நாம் எல்லோரும் உறிஞ்சும் நிலத்தடி நீர். அதனால் 10 அடிக்கு 10 அடி ஒரு கட்டம் மட்டும் கயிறு கட்டிப் பிரித்து, அதில் 5 கிலோ தூவிக் கொத்திவிட்டிருக்கிறோம். பக்கத்திலேயே அதே அளவில் ஒன்றும் போடாத கட்டம். பெரியவருக்கு இதில் என்னைவிட ஆர்வம். மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணியை ரெண்டு பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறார். வாட்ச்மேன் ரூம் ஜன்னலில் இப்ப எப்பவும் ரெண்டு டீ கிளாஸ் இருக்கும், உள்ளே ஆளுக்கொரு மண்கட்டி. போன வாரம் பார்த்தபோது ரெண்டுமே கலங்கல்தான். ஒன்று கொஞ்சம் கம்மி.